அக்கராயன் றோட்டு மா ஆலையும் ஹரோ அடுப்படியும்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் அக்கராயனுக்குப் போகிற றோட்டு. அந்த றோட்டில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே இரண்டு அரைக்கிற மிசின், ஒரு பெரிய வறுக்கிற தாச்சி, விறகடுப்பு. வாசலில் ஒரு மேசை, மேசை நிறைய மாப் பைகள். பெயர்ப்பலகை என்று ஒன்றில்லை. "மில்லடி" என்று சொன்னால் ஓட்டோக்காரத் தம்பிமார் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு ஊர்ப் பெண்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய ஆலை இது. இன்றைக்கும் வறுக்கிறது, அரைக்கிறது, அரிக்கிறது, பை கட்டுகிறது எல்லாம் அவர்கள்தான்.

நான் இருப்பது லண்டனில், ஹரோவில். இந்த ஆலையின் குரக்கன் மா, சிவப்பரிசி மா, மொட்டைக்கறுப்பன் அரிசி, ஒடியல் மா எல்லாவற்றையும் என் அடுப்படியில் நெடுநாள் புழங்கிப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து லீவில் வன்னிக்கு வந்து, "ஊர்ச் சாப்பாட்டுக்கு மாறப்போறன்" என்று சொல்லி சூட்கேஸ் நிறைய மா கட்டிக்கொண்டு போகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

என்னுடைய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதியோர் இல்லத்தில் இரவு வேலை எனக்கு. இரவு இரண்டு மணிக்குப் பசிக்கும். ஊழியர் அறையில் இருப்பது பிஸ்கட், வெள்ளைப் பாண், பால்தேத்தண்ணி. விடிய வீட்டுக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஒரு கோப்பை வெள்ளைச் சோறும் குழம்பும் சாப்பிட்டுப் படுப்பேன். இப்படியே வருடங்கள் போயின. இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 42க்கு மேலே வந்தது. இங்கிலாந்தில் 42 முதல் 47 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை என்பார்கள். 48 என்றால் நீரிழிவு. கடந்த மூன்று மாதமளவில் இரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்று காட்டுகிற அளவு அது. தெற்காசிய ஆக்களுக்கு எடை குறைவாக இருக்கும்போதே ஆபத்து தொடங்கிவிடும் என்று தாதி சொன்னார். மற்றவர்களுக்கு உடற்பருமன் அளவெண் 25ஐத் தாண்டினால்தான் கவலை, எங்களுக்கு 23. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்றிமீற்றர், ஆண்களுக்கு 90.

அந்தத் தாதியே நம்பிக்கை தருகிற ஒரு விசயத்தையும் சொன்னார். அமெரிக்காவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2002இல் வெளிவந்தது. உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது போன்ற உடலசைவு, இவை இரண்டும்தான் அதில் இலக்கு. அந்த வழியில் போனவர்களுக்கு நீரிழிவு வருவது 58 வீதம் குறைந்தது. நீரிழிவுக்குக் கொடுக்கிற மெற்போமின் குளிசை மட்டும் எடுத்தவர்களுக்குக் குறைந்தது 31 வீதம். வாழ்க்கையைத் தலைகீழாக மாற்று என்று அந்த ஆய்வு யாரையும் கேட்கவில்லை. எழுபது கிலோ இருக்கிறவர் ஐந்து கிலோவுக்குக் கிட்டக் குறைத்தால் போதும். இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த வருடம் அம்மாவைப் பார்க்கக் கந்தபுரம் போனபோதுதான் இந்த ஆலைக்கும் போனேன். எனக்கு முன்னால் கனடாவிலிருந்து வந்த ஒரு தம்பி நின்றார். இருபது கிலோ குரக்கன் மா வேணும் என்றார். மேசையில் இருந்த அக்கா கட்டவில்லை.

"உவ்வளவும் கொண்டுபோய் என்ன செய்யப்போறியள் தம்பி? ரெண்டு கிலோ கொண்டுபோங்கோ. முதல்ல ராச்சாப்பாட்டை மட்டும் மாத்திப் பாருங்கோ. வயிறு பழகட்டும், வீட்டுக்காரியும் பழகட்டும். பிறகு ஆரும் வரேக்க சொல்லிவிடுங்கோ, கட்டித் தாறன்."

கடைக்காரர் ஒருவர் தன் வியாபாரத்தைக் குறைத்துக்கொண்டு இப்படிச் சொன்னதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. இந்த ஆலைக்கு நான் கொடுக்கிற மதிப்பில் பாதி அந்த வார்த்தைக்கு.

இனி மாவுக்கு வருவோம். குரக்கன் சின்னத் தானியம். மண்ணும் குறுணிக் கல்லும் அதோடு கலந்தே வரும். அதைக் கழுவி, அரிக்கன் சட்டியில் போட்டு அரித்து, வெயிலில் காயவிட்டு, இளஞ்சூட்டில் வாசம் வரும்வரை வறுத்து, பிறகு அரைக்கவேணும். இதில் எந்த இடத்தில் அவசரப்பட்டாலும் பல்லுக்குத் தெரியும். இங்கே அரிக்கிற வேலையை இரண்டு பேர் மாறிமாறிச் செய்கிறார்கள், நின்று பார்க்கலாம். வறுக்கிறவர் தாச்சியை விட்டு நகரவே மாட்டார். அதனால் இந்த மாவில் கருகல் கசப்பு இல்லை, பச்சை வாடையும் இல்லை. லண்டனில் பையைத் திறக்கும்போதே மழை விழுந்த புழுதி போல ஒரு மணம் வரும். கொம்பனிப் பைகளில் எனக்கு அது கிடைத்ததில்லை.

இன்னொரு நல்ல பழக்கம்: பிட்டுக்கா, ரொட்டிக்கா, கூழுக்கா என்று கேட்டுவிட்டுத்தான் அரைக்கிறார்கள். பிட்டுக்கு என்றால் கொஞ்சம் கொரகொரப்பாகத் தருவார்கள். ருசிக்காகச் செய்கிற இந்த வேலை உடம்புக்கும் நல்லது. எந்தத் தானியமானாலும் மா நைசாகப் போகப்போக, சமித்து இரத்தத்தில் சீனியாக ஏறுகிற வேகம் கூடும். கொரகொரப்பாக இருந்தால் கொஞ்சம் மெதுவாக ஏறும். ஆகவே எதைச் செய்யப்போனாலும், கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஹரோவில் நான் செய்கிற முறை இது. தொடக்கத்தில் குரக்கன் மா ஒரு பங்கு, வறுத்த சிவப்பரிசி மா மூன்று பங்கு. வீட்டில் யாரும் முகம் சுழிக்கவில்லை. பிறகு பாதிக்குப் பாதி. இப்போது குரக்கன்தான் கூட. அரிசிமாவுக்கு விடுகிற கொதிதண்ணீரைக் குரக்கனுக்கு விட்டால் களிபோலத் திரண்டுவிடும். சூடு ஆறின தண்ணீரில் உப்புக் கரைத்து, தெளித்துத் தெளித்து விரல் நுனியால் குழைக்கவேணும். முருங்கை இலையோ சின்ன வெங்காயமோ பொடியாக அரிந்து மாவோடு சேர்த்துவிடுவேன், அப்போது தேங்காய்ப்பூவைப் பாதியாகக் குறைக்கலாம். குழலை விட நீத்துப்பெட்டியில் அவித்தால் பிட்டு மெத்தென்று வரும். நான் இங்கே பனையோலை நீத்துப்பெட்டிதான் வைத்திருக்கிறேன், அதுவும் கிளிநொச்சிச் சந்தையில் வாங்கியது. கூடச் சாப்பிடுவது மீன்குழம்பும் கீரையும். சீனியும் வாழைப்பழமும் போட்டுப் பிசைந்து சாப்பிடுகிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு மட்டும் விட்டுவைத்தேன்.

இங்கே ஒரு விசயத்தை அழுத்திச் சொல்லவேணும், இதில் எங்கட சனம் நிறைய ஏமாறுகிறது. குரக்கன் மாவில் நூறு கிராமுக்கு மாச்சத்து 65 கிராமுக்கு மேல் இருக்கிறது. அரிசிமாவிலும் கோதுமை மாவிலும் இருப்பதை விடக் குறைவுதான், ஆனால் பெரிய இடைவெளி இல்லை. நார்ச்சத்துக் கூட, கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். பாலில் நூறு கிராமுக்கு 120தான். இந்த நன்மைகளுக்காகச் சாப்பிடலாம், சாப்பிடவேணும். ஆனால் "குரக்கன்தானே" என்று நாலு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். மாவை மாற்றுகிறோமே தவிர அளவைக் குறைக்காவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. என் கோப்பையில் இப்போது பிட்டு ஒரு கால்பங்கு, கீரையும் மரக்கறியும் அரைவாசி, மீனோ பருப்போ மிச்சம். கோப்பை பழைய கோப்பைதான்.

ஆலைச் சுவரில் மட்டையில் எழுதி ஒட்டியிருந்தார்கள்: "குரக்கன் மா – சீனி வருத்தத்துக்கு மருந்து". எனக்கு அது பிடிக்கவில்லை. அக்காவிடம் மரியாதையாகச் சொன்னேன். இதைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு வயதான ஐயா கிளினிக் குளிசையை நிற்பாட்டினால் அந்தப் பாவம் யாருக்கு? அவ யோசித்துவிட்டு, "உண்மைதான் தங்கச்சி" என்றா. அடுத்த முறை போனபோது மட்டையில் "சத்தான உணவு" என்று மாற்றி எழுதியிருந்தது. ஆனால் பக்கத்தில் அடுக்கியிருக்கிற பனங்கட்டிக் குட்டான்களை இன்னமும் "சீனிக்காரரும் சாப்பிடலாம்" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அது சரியில்லை. பனங்கட்டியிலும் பெரும்பங்கு சுக்குரோஸ்தான், வெள்ளைச் சீனியில் இருப்பது எதுவோ அதுதான். ருசிக்கு ஒரு கடி கடித்துத் தேத்தண்ணி குடிப்பது வேறு, மருந்தென்று நம்பித் தின்பது வேறு. எள்ளுருண்டையும் அப்படியே. எள்ளு நல்லது, அதைப் பிடித்து வைத்திருக்கிற பாகு நல்லதல்ல.

அரிசிக்கு வருகிறேன். மொட்டைக்கறுப்பன் பூநகரிப் பக்கத்திலிருந்து இவர்களுக்கு வருகிறது. தவிடு போகாத சிவப்புப் புழுங்கல். ஊறவிடாமல் போட்டால் வேகவே வேகாது. என் மனுசன் சோற்று ஆள், சோறு வெள்ளையாக, உதிரியாக இருக்கவேணும். அவரோடு சண்டை பிடிக்காமல் மாற்றுவதற்கு நான் கண்ட வழி, மொட்டைக்கறுப்பனை இரவே ஊறவைத்து, முதலில் அதை அரைவேக்காடாக வேகவிட்டு, பிறகு வழக்கமான அரிசியை அதோடு போட்டு ஒன்றாக இறக்குவது. இரண்டும் ஒரே பதத்துக்கு வரும். முதலில் கால்பங்கு சிவப்பு. ஒரு மாரிகாலம் போனபிறகு பாதி. இப்போது வெள்ளை அரிசி தனியே சமைத்தால் "இதென்ன சப்பென்று கிடக்கு" என்று அவரே கேட்கிறார்.

ஒடியல் மாவை ருசிக்காக வாங்குங்கள். கசப்புப் போகத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்துதான் பாவிக்கவேணும், அதை இந்த ஆலையில் மறக்காமல் சொல்லிவிடுகிறார்கள். லண்டனில் நண்டும் இறாலும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்டு ஒரு சட்டி கூழ் காய்ச்சினால், சொந்தக்காரர் எல்லாம் வருவார்கள். அன்றைக்குக் கொத்துரொட்டியும் குளிர்பானமும் மேசைக்கு வராது. அதுவே ஒரு மாற்றம்.

நான் கொண்டுபோன பையைப் பார்த்து அம்மா சிரிக்கவில்லை, கொஞ்சம் மனம் நொந்தா. தொண்ணூறுகளில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. கோதுமை மா, சீனி, மண்ணெண்ணெய், சவர்க்காரம், மருந்து எல்லாமே தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். அப்போது வீட்டில் இருந்தது குரக்கனும் ஒடியலும் இலைக்கஞ்சியும்தான். "வேற வழியில்லாமல் திண்டதை இப்ப காசு குடுத்து வாங்குறியே பிள்ளை" என்றா. அவவுக்குப் பாண் கிடைப்பது சமாதானத்தின் அடையாளம். அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவுக்கும் இப்போது சீனி வருத்தம். அந்தத் தெருவில் அரைவாசி வீட்டில் குளிசைப் பை தொங்குகிறது. பேக்கரி வான் காலையும் மாலையும் பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, சைக்கிள் இருந்த வீட்டில் மோட்டார்சைக்கிள் நிற்கிறது. தடைக்காலத்தில் குரக்கன் சாப்பிட்டவர்கள் அதே நாளில் தண்ணீர் அள்ளினார்கள், விறகு வெட்டினார்கள், அக்கராயனிலிருந்து கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்தார்கள். சாப்பாட்டை மட்டும் அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த அசைவை விட்டுவிட்டால் கணக்குச் சரிவராது.

ஆகவே நடை. சாப்பிட்ட உடனே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அந்தச் சாப்பாட்டால் சீனி ஏறுவது குறையும். இதற்கு ஜிம் தேவையில்லை, சப்பாத்தும் குளிர்ச்சட்டையும் போதும். இரவு வேலையில் சாப்பாட்டு இடைவேளை முடிந்ததும் நான் இல்லத்தின் மூன்று மாடியும் ஏறி இறங்குவேன். என்னோடு வேலை செய்கிற கேரளப் பெண்ணும் கானாக்காரியும் இப்போது சேர்ந்து வருகிறார்கள். தேத்தண்ணிச் சீனியை இரண்டு கரண்டியிலிருந்து ஒன்றரை, ஒன்று, அரை என்று மாதக்கணக்கில் குறைத்தேன். நாக்குக்குத் தெரியாமல் நடந்துவிட்டது.

கடைசிப் பரிசோதனையில் எண் 42க்குக் கீழே வந்திருக்கிறது. இது குரக்கனாலா, நடையாலா, பிஸ்கட்டை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்துதான். வருடாவருடம் இரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆலையில் திருத்தவேண்டியவை இருக்கின்றன. பையில் அரைத்த திகதி இல்லை. சிவப்பரிசி மாவில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் வெக்கையில் சில மாதத்திலேயே காறல் மணம் வந்துவிடும். அரைத்த நாள் தெரியாவிட்டால் வாங்குகிறவருக்கு எப்படி விளங்கும்? நீங்கள் கேட்டு, பேனையால் எழுதுவித்து வாங்குங்கள். வெளிநாட்டுக்கு வந்ததும் பிரித்துக் காற்றுப் புகாத பெட்டியில் போட்டுக் குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் வைத்துவிடுங்கள். பொலித்தீன் மெல்லியது, சூட்கேஸில் என் பை ஒன்று வெடித்துச் சேலையெல்லாம் மா. இரட்டைப் பை போடச் சொல்லவேணும். ஒருமுறை வாங்கியதில் மண் கடிபட்டது. அது மழைக்காலத்தில் அரைத்த மா, காயவிட வெயில் இல்லாததால் அரித்தது போதவில்லை போலும். முடிந்தால் வெயில் காலத்தில் வாங்குங்கள். கரண்ட் நின்றால் மிசினும் நிற்கும், எனவே காலையிலேயே போவது நல்லது. கூரியரில் அனுப்புவார்கள், ஆனால் அனுப்புகிற காசு மாக் காசை விழுங்கிவிடும். கொண்டு போகிறவர்கள் தங்கள் நாட்டுச் சுங்க விதியை முன்னரே பார்த்துக்கொள்ளவும், தானியத்துக்கும் மாவுக்கும் விதி வேறுவேறாக இருக்கலாம்.

ஆலை மா முடிந்துவிட்டால் லண்டன் தமிழ்க் கடைகளிலும் குரக்கன் மா கிடைக்கும், ருசி ஒருபடி குறைவு, பயன் குறையாது. ஆனால் குரக்கன் நூடில்ஸ், குரக்கன் பிஸ்கட் என்று படம் போட்டு விற்பதை வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இங்கிலாந்தில் சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுதவேணும் என்பது சட்டம். முதலாவதாகக் கோதுமை மா இருந்தால் அது கோதுமைப் பண்டம்.

ஊருக்கு வருகிற ஆக்கள், வாங்கும் முன் ருசி பார்க்க விரும்பினால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ விவசாயத் திணைக்களத்தின் அம்மாச்சி உணவகத்துக்குப் போங்கள். பெண்கள் உங்கள் கண் முன்னாலேயே சுட்டும் அவித்தும் தருவார்கள். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த ருசி ஒத்துவந்தால், பிறகு அக்கராயன் றோட்டுக்கு வாருங்கள். முதல் தடவைக்கு குரக்கன் மா ஒரு கிலோ, கொரகொரப்பாக. வறுத்த சிவப்பரிசி மா ஒரு கிலோ. மொட்டைக்கறுப்பன் இரண்டு கிலோ. அதற்கு மேலே கேட்டால் அக்கா தரவும் மாட்டா.